அறிதல் உளவியல்: கவனம், நினைவு, மறதி – டெட் கைடைத் தாண்டிப் புரிந்துகொள்ள ஓர் இழை

மலைக்கோட்டை எழுதியது:

வணக்கம் நண்பர்களே. பி.எட். முடித்துவிட்டு டெட் எனப்படும் ஆசிரியர் தகுதித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். உளவியல் பகுதியில் கவன வீச்சு, புலன்காட்சி, குறுகிய கால நினைவு, எபிங்ஹாஸ் மறத்தல் வளைகோடு என்று வரிசையாக வருகிறது. கைடில் ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர், ஓர் ஆண்டு, ஒரு வரி விளக்கம். மனப்பாடம் செய்தால் மதிப்பெண் வந்துவிடும். ஆனால் இவையெல்லாம் ஒன்றோடொன்று எப்படிச் சேர்கின்றன என்று எங்கேயும் இல்லை. பழக்கத்தால் எச்சில் ஊறும் பாவ்லவ் நாயையும், நெம்புகோலை அழுத்தினால் இரை விழும் ஸ்கின்னர் பெட்டியையும் படித்த கையோடு, அடுத்த பாடத்தில் திடீரென்று "செயல்நினைவு" வந்து நிற்கிறது. நடுவில் என்ன நடந்தது? நாளை வகுப்பில் நின்று பாடம் நடத்தப்போகிறவள் நான். பிள்ளைகள் ஏன் மறக்கிறார்கள் என்று உண்மையிலேயே தெரிந்துகொள்ள ஆசை. அடிப்படையிலிருந்து சொல்லுங்கள்.

ஆய்வுமேசை எழுதியது:

கேட்க வேண்டிய கேள்வியைத்தான் கேட்டிருக்கிறீர்கள் அம்மா. கல்லூரியில் உளவியல் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். ஒவ்வொரு கருத்தையும் அதைப் பிறக்கவைத்த சோதனையோடு சேர்த்துப் படித்தால்தான் மனத்தில் நிற்கும். அதனால் சோதனைகள் வழியாகவே போகிறேன்.

1913இல் வாட்சன் என்ற அமெரிக்க உளவியலாளர் ஒரு கட்டுரை எழுதினார். மனத்துக்குள் நடப்பதை யாரும் பார்க்க முடியாது. வெளியே தெரியும் நடத்தையை மட்டும் ஆராய்வோம் என்றார். தூண்டல் இது, துலங்கல் இது, நடுவில் இருப்பதைப் பற்றிப் பேச வேண்டாம். அமெரிக்க உளவியல் கிட்டத்தட்ட நாற்பது ஆண்டுகள் இந்த வழியில்தான் போனது. அந்தக் காலத்தை வீண் என்று நான் சொல்ல மாட்டேன். சோதனைகளைக் கறாராக வடிவமைக்கும் பழக்கம் அங்கேதான் வேரூன்றியது.

ஆனால் எலிகளே அந்தக் கொள்கைக்கு ஒத்துழைக்கவில்லை. 1930இல் டோல்மனும் ஹான்சிக்கும் மூன்று கூட்டம் எலிகளைத் தினமும் ஒரு புதிர்ப்பாதையில் விட்டார்கள். முதல் கூட்டத்துக்குப் பாதை முடிவில் தினமும் இரை உண்டு. இரண்டாவதற்குக் கிடையாது. மூன்றாவது கூட்டத்துக்குப் பத்து நாள் இரை இல்லை, பதினோராம் நாளிலிருந்து உண்டு. இரை கிடைத்தால்தான் கற்றல் நடக்கும் என்றால், மூன்றாவது கூட்டம் பதினோராம் நாளில்தான் அரிச்சுவடியைத் தொடங்கியிருக்க வேண்டும். நடந்தது வேறு. இரை கிடைத்த மறுநாளே அவற்றின் தவறுகள் சடாரென்று குறைந்து, முதல் கூட்டத்தை எட்டிப் பிடித்துவிட்டன. அப்படியென்றால் சும்மா சுற்றிய அந்தப் பத்து நாளிலும் அவை பாதையைக் கற்றிருக்கின்றன. நடத்தையில் தெரியவில்லை, உள்ளே இருந்திருக்கிறது. டோல்மன் இதைப் பிறகு "அறிதல் வரைபடம்" என்றார்.

அங்கேதான் கதவு திறந்தது. 1956 செப்டம்பர் 11 அன்று எம்.ஐ.டி.யில் ஒரு கருத்தரங்கு நடந்தது. உளவியலாளர் மில்லர் குறுகிய கால நினைவின் எல்லை ஏழு அளவில்தான் இருக்கிறது என்று பேசினார். நியூவெலும் சைமனும் தேற்றங்களை நிரூபிக்கும் கணினி நிரலைக் காட்டினார்கள். சாம்ஸ்கி மொழியைப் பற்றிப் பேசினார். அறிதல் அறிவியல் பிறந்த நாள் என்று மில்லர் பின்னாளில் அந்த நாளைத்தான் குறிப்பிட்டார். 1967இல் நைஸர் எழுதிய பாடநூலின் பெயரே "அறிதல் உளவியல்". துறைக்குப் பெயர் நிலைத்தது அதிலிருந்துதான்.

கணினிக்காரன் எழுதியது:

சார், அப்போ சுருக்கமாகச் சொன்னால் மூளை ஒரு கம்ப்யூட்டர், கண்ணும் காதும் இன்புட், நினைவு ஹார்ட் டிஸ்க். சரியா?

ஆய்வுமேசை எழுதியது:

முதல் பாதி அந்தத் தலைமுறைக்கு நிறைய உதவியது தம்பி. உள்ளே வரும் தகவல் எந்தெந்தப் படிகளைக் கடக்கிறது, ஒவ்வொரு படியிலும் எவ்வளவு கொள்ளும், எவ்வளவு நேரம் தங்கும் என்று கேட்கக் கற்றுக்கொடுத்தது அந்த உவமைதான். ஹார்ட் டிஸ்க் என்பதை மட்டும் ஏற்க மாட்டேன். டிஸ்கில் வைத்த கோப்பு வைத்தபடியே திரும்பி வரும். மனித நினைவு ஒவ்வொரு முறை எடுக்கும்போதும் மறுபடி கட்டப்படுகிறது. பார்ட்லெட் 1932லேயே இதைக் காட்டிவிட்டார். வட அமெரிக்கப் பழங்குடிக் கதை ஒன்றை ஆங்கிலேயர்களிடம் படிக்கக் கொடுத்து, பல நாள் கழித்துத் திரும்பச் சொல்லச் சொன்னார். தங்களுக்குப் புரியாத பகுதிகளை விட்டுவிட்டார்கள். மிச்சத்தைத் தங்களுக்குப் பழகிய விதத்தில் மாற்றிச் சொன்னார்கள். கதையில் வரும் கனூ என்ற துடுப்புத் தோணி சிலரிடம் சாதாரணப் படகாகிவிட்டது. ஏற்கெனவே நம்மிடம் உள்ள அறிவு அமைப்பை, அதாவது ஸ்கீமாவை, வைத்துத்தான் புதியதைப் பிடிக்கிறோம்.

புலன்காட்சியிலும் இதே கதைதான். டாக்டர் கிறுக்கிய சீட்டை மருந்துக்கடைக்காரர் படித்துவிடுகிறார். அவருடைய கண் நம் கண்ணைவிடக் கூர்மையானது என்பதால் இல்லை. அந்த இடத்தில் என்னென்ன பெயர் வரலாம் என்று அவருக்கு முன்பே தெரியும். கண்ணிலிருந்து மேலே போகும் தகவலும் அறிவிலிருந்து கீழே வரும் எதிர்பார்ப்பும் சேர்ந்ததுதான் "பார்ப்பது".

மலைக்கோட்டை எழுதியது:

எலிக் கதை அருமை ஐயா. கைடில் டோல்மனுக்கு ஒரே வரிதான். அப்புறம் புலன் நினைவு, குறுகிய கால நினைவு, நீண்ட கால நினைவு என்று மூன்று பெட்டி போட்டு அம்புக்குறி போட்டிருக்கிறார்கள். அந்தப் பெட்டிகள் உண்மையிலேயே இருக்கின்றன என்று எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

ஆய்வுமேசை எழுதியது:

அந்தப் படம் 1968இல் அட்கின்சனும் ஷிஃப்ரினும் கொடுத்தது. முதல் பெட்டிக்கான சான்று 1960இல் ஸ்பெர்லிங் செய்த சோதனை. இந்தத் துறையிலேயே எனக்கு மிகவும் பிடித்தது அது.

வரிசைக்கு நான்காக மூன்று வரிசையில் பன்னிரண்டு எழுத்துகள். ஒரு வினாடியில் இருபதில் ஒரு பங்கு நேரம் மட்டும் திரையில் காட்டினார். "என்ன பார்த்தீர்கள்?" என்றால் நான்கைந்து எழுத்துகளைத்தான் சொன்னார்கள். ஆனால் எல்லோரும் ஒரு விஷயத்தை அழுத்திச் சொன்னார்கள்: எல்லாமே கண்ணில் பட்டது, சொல்லிக்கொண்டிருக்கும்போதே மறைந்துவிடுகிறது. இதை எப்படிச் சோதிப்பது? படம் மறைந்த உடனே ஓர் ஒலி எழுப்பினார். மேல்ஸ்தாயி கேட்டால் மேல்வரிசையை மட்டும் சொல்ல வேண்டும், நடுத்தரம் என்றால் நடுவரிசை, கீழ்ஸ்தாயி என்றால் கீழ்வரிசை. எந்த ஒலி வரும் என்று முன்கூட்டித் தெரியாது. எந்த வரிசையைக் கேட்டாலும் நான்கில் மூன்றைச் சொன்னார்கள். ஆகவே அந்தக் கணத்தில் பன்னிரண்டில் சுமார் ஒன்பது எழுத்தாவது உள்ளே இருந்திருக்கிறது. ஒலியை ஒரு வினாடி தாமதித்தால் இந்த ஆதாயம் போய்விட்டது. அதுதான் புலன் நினைவு: கொள்ளளவு பெரிது, ஆயுள் ஒரு வினாடிக்கும் குறைவு.

அடுத்த பெட்டிக்கு 1959இல் பீட்டர்சன் தம்பதி. மூன்று மெய்யெழுத்துகளைச் சொல்லிவிட்டு, உடனே ஓர் எண்ணிலிருந்து மும்மூன்றாகக் குறைத்து எண்ணச் சொன்னார்கள். மனத்துக்குள் திரும்பச் சொல்லிப் பார்க்க வழியில்லை. 18 வினாடியில் அந்த மூன்றெழுத்தில் பெரும்பாலும் ஒன்றும் மிஞ்சவில்லை.

இரவுப்பணி எழுதியது:

நான் நரம்பியல் வார்டில் செவிலியர். பெட்டிகள் இருக்கின்றனவா என்று கேட்ட தங்கைக்கு எங்கள் பாடத்தில் வந்த ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன்.

ஹென்றி மொலைசன். உயிரோடு இருந்தவரை எச்.எம். என்ற எழுத்துகள் மட்டுமே வெளியே தெரியும். 2008இல் இறந்த பிறகுதான் பெயரை வெளியிட்டார்கள். கடுமையான வலிப்பு நோய். 1953இல், 27 வயதில், அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டில் ஸ்கோவில் என்ற அறுவை மருத்துவர் அவருடைய மூளையின் இரு பக்கமும் பொட்டு மடலின் உட்பகுதியை நீக்கினார். புதிய நினைவுகளைப் பதியவைக்க உதவும் ஹிப்போகேம்பஸ் என்ற பகுதியில் பெரும்பகுதி அதில் போய்விட்டது. வலிப்பு குறைந்தது. ஆனால் அதற்குப் பிறகு நடந்த எதுவும் அவரிடம் தங்கவில்லை. சற்றுமுன் பேசிவிட்டுப் போனவர் திரும்பி வந்தால் புதிதாக அறிமுகம் செய்துகொள்ள வேண்டும். இளமைக்கால நினைவு இருந்தது, அறிவுக்கூர்மை குறையவில்லை, பேச்சு சரியாக இருந்தது. ஓர் எண்ணைச் சொன்னால், கவனம் கலையாதவரை மனத்துக்குள் சொல்லிச் சொல்லி வைத்திருப்பார். அதாவது குறுகிய கால நினைவு நலமாக இருந்தது. அங்கிருந்து நீண்ட காலத்துக்குப் போகும் வழி அறுந்திருந்தது.

இதைவிட வியப்பான ஒன்று உண்டு. பிரெண்டா மில்னர் என்ற உளவியலாளர் அவருக்கு ஒரு பயிற்சி கொடுத்தார். கண்ணாடியில் தெரியும் பிம்பத்தை மட்டும் பார்த்து, ஒரு நட்சத்திர வடிவத்தின் இரட்டைக் கோட்டுக்கு நடுவே பென்சிலால் வரைய வேண்டும். கை எதிர்ப்பக்கம் இழுக்கும், யாருக்கும் முதலில் வராது. மூன்று நாளில் எச்.எம். நன்றாகத் தேறிவிட்டார். ஆனால் மூன்றாம் நாளும் இதை முன்பு செய்த ஞாபகமே அவருக்கு இல்லை. கை கற்றுக்கொண்டது, கற்ற நிகழ்ச்சி பதியவில்லை. திறன் நினைவு வேறு, நிகழ்ச்சி நினைவு வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் படித்ததில்லை.

மறதி நோயாளிகளின் வீட்டார் "சமையல் செய்கிறார், ஆனால் காலையில் சாப்பிட்டது தெரியவில்லை என்கிறாரே, நடிக்கிறாரா?" என்று எங்களிடம் கேட்பதுண்டு. நடிப்பில்லை. இரண்டுக்கும் மூளையில் வெவ்வேறு பாதைகள். இதை வீட்டாருக்குப் பொறுமையாகச் சொல்ல வேண்டியது எங்கள் வேலையின் ஒரு பகுதி என்றே நினைக்கிறேன்.

ஆய்வுமேசை எழுதியது:

நன்றி சகோதரி. எதிர்த்திசையிலும் ஒருவர் உண்டு. 1970இல் ஷாலிஸும் வாரிங்டனும் விவரித்த கே.எஃப். என்ற நோயாளி. எண்களைக் கேட்டுத் திருப்பிச் சொல்லச் சொன்னால் ஒன்றிரண்டுக்கு மேல் வராது, ஆனால் நீண்ட கால நினைவு சரியாகவே இருந்தது. குறுகிய கால நினைவு என்ற ஒரே வாசல் வழியாகத்தான் எல்லாம் உள்ளே போக வேண்டும் என்றால் இது நடக்கக் கூடாது. அம்புக்குறிப் படம் இங்கே ஆட்டம் கண்டது.

1974இல் பாட்லியும் ஹிட்சும் அந்த நடுப்பெட்டியைப் பிரித்துப் போட்டார்கள். அதுதான் நீங்கள் கேட்ட செயல்நினைவு. ஒலியாகச் சொல்லிச் சொல்லித் தக்கவைக்கும் ஒலிச்சுழல் ஒன்று. உருவங்களையும் இடங்களையும் வைத்திருக்கும் காட்சிப்பலகை ஒன்று. இரண்டையும் நடத்தி, கவனத்தை எங்கே செலுத்துவது என்று முடிவு செய்யும் மைய நிர்வாகி. 2000இல் பாட்லி நான்காவதாக ஓர் இணைப்புப் பகுதியையும் சேர்த்தார். எழுதும்போது ஒரு பாட்டின் வரிகள் காதில் விழுந்தால் இடைஞ்சலாக இருப்பதும், கோலம் போடும்போது அதே பாட்டு இடைஞ்சல் செய்யாததும் இதனால்தான்.

ஒலிச்சுழலின் நீளம் சுமார் இரண்டு வினாடி. அந்த நேரத்துக்குள் சொல்ல முடிகிறதுதான் தங்கும். வெல்ஷ் மொழியில் எண்களின் பெயர்களைச் சொல்ல ஆங்கிலத்தைவிட அதிக நேரம் பிடிக்கும். அதனால் இரு மொழியும் அறிந்தவர்கள்கூட வெல்ஷில் குறைவான எண்களையே நினைவில் வைத்தார்கள் என்று 1980இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. தமிழிலேயே பேசிக்கொண்டிருப்பவர்களும் போன் நம்பரை மட்டும் ஆங்கிலத்தில் சொல்வதை நீங்கள் கவனித்திருப்பீர்கள்.

கவிராயர் எழுதியது:

ஒரு சந்தேகம். மனத்துக்கு இவ்வளவு குறுகலான வாசல்தான் என்றால் நம் அவதானிகளை எப்படி விளக்குவீர்கள்? கோட்டாறு செய்குத்தம்பிப் பாவலர் 1907இல் சென்னை விக்டோரியா மண்டபத்தில் சதாவதானம், அதாவது நூறு அவதானம், செய்தார். அவதானம் என்றால் ஒருவர் வெண்பாவுக்கு ஈற்றடி கொடுப்பார், இன்னொருவர் கணக்குக் கேட்பார், முதுகில் விழும் கற்களை எண்ண வேண்டும், இடையிடையே அடிக்கும் மணியை எண்ண வேண்டும். கடைசியில் எல்லாவற்றுக்கும் பிசகாமல் விடை வரும். மில்லரின் ஏழு இங்கே எங்கே நிற்கிறது?

ஆய்வுமேசை எழுதியது:

இந்த இழையில் இந்தக் கேள்வி வந்ததில் எனக்கு மெத்த மகிழ்ச்சி ஐயா.

மில்லர் 1956இல் ஏழு எழுத்து என்றோ ஏழு எண் என்றோ சொல்லவில்லை. ஏழு, கூட்டியோ குறைத்தோ இரண்டு, "துண்டுகள்" என்றார். ஒரு துண்டுக்குள் எவ்வளவு அடங்கும் என்பது நம் அறிவைப் பொறுத்தது. 1 9 4 7 2 0 0 4 என்பது பார்ப்பதற்கு எட்டு எண். விடுதலை ஆண்டு, சுனாமி ஆண்டு என்று படிப்பவருக்கு இரண்டே துண்டு.

இதன் உச்சத்தை எஸ்.எஃப். என்ற கல்லூரி மாணவரிடம் பார்த்தார்கள். எரிக்சன், சேஸ், ஃபலூன் மூவரும் 1980இல் வெளியிட்ட ஆய்வு. தொடக்கத்தில் எல்லோரையும் போல ஏழு எண்தான் சொன்னார். ஒன்றரை ஆண்டுக்கு மேல் பயிற்சி செய்து, வினாடிக்கு ஒன்றாகச் சொல்லப்பட்ட 79 எண்களைத் திருப்பிச் சொன்னார். அவர் ஓட்டப்பந்தய வீரர். 3492 என்று கேட்டால் ஒரு மைல் ஓட்டத்துக்கு 3 நிமிடம் 49.2 வினாடி என்று எடுத்துக்கொள்வார். எண்களுக்குப் பதில் எழுத்துகளைக் கொடுத்ததும் மறுபடி ஆறுக்கு வந்துவிட்டார். வாசல் அகலமாகவில்லை; அதன் வழியே போகும் பொட்டலம்தான் பெரிதாகியிருந்தது.

சதுரங்கத்திலும் அப்படியே. 1973இல் சேஸும் சைமனும் ஆட்டப் பலகையை ஐந்து வினாடி காட்டி மறைத்தார்கள். உண்மையான ஆட்டத்தின் நிலை என்றால் தேர்ந்த வீரர் காய்களை எளிதில் அடுக்கிவிட்டார். காய்களைத் தாறுமாறாக வைத்துக் காட்டினால் புதியவரைவிடப் பெரிதாகச் சாதிக்கவில்லை.

அவதானிக்கு யாப்பு அத்தனை ஆண்டுகள் ஊறிய ஒன்று. ஈற்றடி கையில் கிடைத்ததும் தளையும் எதுகையும் மோனையும் அடுத்து என்ன சொல் வரலாம் என்பதைக் குறுக்கிவிடுகின்றன. அவர் ஒரு வெண்பாவைத் தனித்தனிச் சொற்களாகச் சுமக்கவில்லை என்றே நான் புரிந்துகொள்கிறேன். அதனால் அந்தச் சாதனை சிறியதாகிவிடாது. எத்தனை ஆண்டு உழைப்பு அதன் பின்னால் இருந்திருக்க வேண்டும் என்பதுதான் இன்னும் தெளிவாகத் தெரிகிறது.

கவிராயர் எழுதியது:

ஏற்றுக்கொள்கிறேன். செய்யுளாகச் சொன்னால் ஏன் எளிதில் மனனமாகிறது என்பதற்கும் இதிலேயே விடை இருக்கிறது.

நெடுஞ்சாலை எழுதியது:

லாரி, பஸ் டிரைவர்களுக்குப் பாதுகாப்புப் பயிற்சி கொடுக்கிறேன். கவனத்தைப் பற்றி யாரும் பேசவில்லையே!

1953இல் செரி ஒரு சோதனை செய்தார். ஹெட்ஃபோனில் இரண்டு காதுக்கும் வெவ்வேறு பேச்சு. ஒரு காதில் வருவதை வாயால் கூடவே சொல்ல வேண்டும். மறு காதில் என்ன பேசினார்கள் என்று கேட்டால் ஒன்றும் தெரியவில்லை. ஆண் குரல் பெண் குரலாக மாறினால் தெரிந்தது. பொருள் உள்ளே போகவில்லை. ஆனால் அந்தக் காதில் அவரவர் பெயரைச் சொன்னபோது மூன்றில் ஒரு பங்குப் பேர் கவனித்தார்கள் என்று 1959இல் மோரே காட்டினார். அதாவது கவனம் மறு காதை அடியோடு மூடிவிடுவதில்லை, சத்தத்தைக் குறைத்து வைக்கிறது.

1999இல் சைமன்ஸும் சாப்ரிஸும் காட்டியது பலருக்குத் தெரிந்திருக்கும். பந்தை எத்தனை முறை கைமாற்றுகிறார்கள் என்று எண்ணிக்கொண்டிருந்தவர்களில் பாதிப் பேர், நடுவே கொரில்லா வேடத்தில் ஒருவர் நடந்து போனதைப் பார்க்கவே இல்லை.

என் வகுப்பில் நான் அழுத்திச் சொல்வது இதைத்தான். "புளூடூத்தில்தானே பேசுகிறேன், கை ஸ்டியரிங்கில்தானே இருக்கிறது" என்பார்கள். 2001இல் ஸ்ட்ரேயரும் ஜான்ஸ்டனும் செய்த ஆய்வில், வண்டி ஓட்டுவதுபோல் அமைத்த செயற்கைச் சோதனையில் போன் பேசியவர்கள் சிக்னலைத் தவறவிட்டது இரண்டு மடங்கானது. கையில் பிடித்துப் பேசினாலும் பிடிக்காமல் பேசினாலும் வித்தியாசமில்லை. பக்கத்தில் உட்கார்ந்து பேசுபவராவது முன்னால் லாரி வந்தால் வாயை மூடிக்கொள்வார். போனில் பேசுபவருக்குச் சாலை தெரியாது. தயவுசெய்து வண்டியை ஓரங்கட்டிவிட்டுப் பேசுங்கள்.

வாய்தா எழுதியது:

வழக்கறிஞர் என்ற முறையில் பார்ட்லெட் பக்கம் திரும்புகிறேன். 1974இல் எலிசபெத் லாஃப்டஸும் பால்மரும் கார் விபத்துக் காட்சியைக் காட்டிவிட்டு, "கார்கள் மோதி நொறுங்கியபோது என்ன வேகம்?" என்று சிலரிடமும், "இடித்தபோது என்ன வேகம்?" என்று சிலரிடமும் கேட்டார்கள். நொறுங்கியபோது என்று கேட்டால் சராசரியாக மணிக்கு 40 மைலுக்குச் சற்று மேல் வந்தது, இடித்தபோது என்றால் 34. ஒரு வாரம் கழித்து, இன்னொரு சுற்றில், "உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா?" என்று கேட்டார்கள். காட்சியில் கண்ணாடியே உடையவில்லை. "நொறுங்கியது" என்ற சொல்லைக் கேட்டிருந்த 50 பேரில் 16 பேர் பார்த்தேன் என்றார்கள். "இடித்தது" என்று கேட்டிருந்த 50 பேரில் 7 பேர்.

முதல் விசாரணையில் விடையைக் கையில் கொடுக்கும் கேள்வியைக் கேட்க எதிர்த்தரப்பு ஏன் விடாது என்று இப்போது புரியும். ஆனால் சாட்சி கூண்டேறும் முன்பே வீட்டிலும் டீக்கடையிலும் ஸ்டேஷனிலும் அவரிடம் எத்தனை பேர் எத்தனை விதமாகக் கேட்டிருப்பார்கள்! சாட்சி பொய் சொல்கிறார் என்றே இரு தரப்பும் வாதாடுகிறோம். மனமறிந்து பொய் சொல்லாமலேயே தவறான சாட்சியம் வரலாம் என்பதை நம் நீதிமன்றங்களில் இன்னும் அதிகம் பேச வேண்டும்.

ஆய்வுமேசை எழுதியது:

முழுக்க உடன்படுகிறேன். ஒன்றைச் சேர்க்கிறேன்: 50இல் 34 பேர் கண்ணாடி இல்லை என்றே சொன்னார்கள். நினைவு எல்லாம் பொய் என்று இதிலிருந்து முடிவு கட்டக் கூடாது. கேள்வி கேட்கும் விதம் நினைவில் கலக்கும் என்பதுதான் முடிவு.

மலைக்கோட்டை எழுதியது:

இரண்டு நாளாக இந்த இழையைத்தான் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். வகுப்பறைக்கு வருவோமா? எபிங்ஹாஸ் சொன்னபடி ஒரு நாளில் மூன்றில் இரண்டு பங்கு மறந்துவிடும் என்கிறது கைடு. அப்படியானால் நான் நடத்தும் பாடமெல்லாம் மறுநாளே போய்விடுமா? ஒரு குழந்தை பார்த்துக் கற்கும், ஒரு குழந்தை கேட்டுக் கற்கும் என்று தனித்தனியாக நடத்தச் சொல்கிறார்களே, அது உதவுமா?

ஆய்வுமேசை எழுதியது:

எபிங்ஹாஸ் 1885இல் அளந்தது வேறு ஒன்றை. பொருளற்ற அசைகளைப் பட்டியல் போட்டு மனப்பாடம் செய்தார்; சோதனைக்கு உட்பட்டது அவர் ஒருவரே. சில நேரம் கழித்து அதே பட்டியலை மறுபடி கற்க எவ்வளவு உழைப்பு மிச்சமாகிறது என்று பார்த்தார். ஒரு நாளுக்குப் பிறகு மிச்சம் 34 விழுக்காடு, 31 நாளுக்குப் பிறகு 21. முதல் நாளில் சரிவு செங்குத்து, பிறகு கிட்டத்தட்டச் சமதரை. பொருள் உள்ள பாடத்துக்கு இந்த எண்களை அப்படியே பொருத்த முடியாது. முழுதாக மறந்ததுபோல் தெரிவதும் மறுபடி கற்கும்போது விரைவில் வருகிறது என்பதைத்தான் ஆசிரியர் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும்.

வகுப்புக்கு உடனே பயன்படுவது 2006இல் ரோடிகரும் கார்ப்பிக்கும் வெளியிட்டது. ஒரு பத்தியைப் படித்த மாணவர்களில் ஒரு பிரிவினர் அதை மறுபடி படித்தார்கள். இன்னொரு பிரிவினர் புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்து மறுபடி படித்தவர்கள் 81 விழுக்காடு, எழுதிப் பார்த்தவர்கள் 75. ஒரு வாரம் கழித்துப் படித்தவர்கள் 42, எழுதிப் பார்த்தவர்கள் 56. நினைவிலிருந்து எடுப்பதே நினைவைப் பலப்படுத்துகிறது. அதனால் மதிப்பெண் போடாத சிறு தேர்வுகளை வையுங்கள். நேற்று நடத்தியதில் இரண்டு கேள்வி, போன வாரம் நடத்தியதில் ஒன்று, போன மாதத்திலிருந்து ஒன்று. தப்பாகச் சொல்லும் பிள்ளையைத் திட்டாமல் உடனே சரியானதைச் சொல்லிவிடுங்கள்.

பார்த்துக் கற்பவர், கேட்டுக் கற்பவர் என்று பிரிப்பதற்குப் போதிய சான்று இல்லை என்று 2008இல் பாஷ்லரும் மற்றவர்களும் எல்லா ஆய்வுகளையும் அலசிச் சொன்னார்கள். பிள்ளைக்கு ஒரு முறை பிடித்திருக்கலாம், அதனால் அந்த முறையில் நன்றாகக் கற்கிறது என்று ஆகாது. படம் தேவைப்படும் பாடத்துக்கு எல்லோருக்கும் படம் போடுங்கள். இருதயத்தின் அறைகளைக் காதால் கேட்டு யாருக்கும் விளங்காது.

கணினிக்காரன் எழுதியது:

கானமென், டிவர்ஸ்கி, முடிவெடுப்பதில் வரும் பிழைகள் பற்றியும் எழுதுங்கள் சார்.

ஆய்வுமேசை எழுதியது:

அதற்குத் தனி இழை வேண்டும் தம்பி. நீங்களே தொடங்குங்கள், நான் வருகிறேன்.

மலைக்கோட்டை எழுதியது:

கடைசியாக ஒன்று மட்டும் ஐயா. ஏழு என்பது இப்போதும் சரியா? தேர்வில் கேட்டால் எதைக் குறிப்பது?

ஆய்வுமேசை எழுதியது:

மனத்துக்குள் சொல்லிப் பார்க்கவும் துண்டுகளாக்கவும் வாய்ப்புக் கொடுக்காமல் அளந்தால் நான்கை ஒட்டித்தான் வருகிறது என்று 2001இல் கோவன் வாதிட்டார். இன்று ஆய்வாளர்கள் பலர் அந்தப் பக்கம்தான். டெட் வினாத்தாளில் 7±2 என்று இருந்தால் அதையே குறியுங்கள், அது மில்லர் சொன்னது. வகுப்பில் ஒரே மூச்சில் சொல்லும் கட்டளைகளை மட்டும் மூன்றுக்குள் வைத்துக்கொள்ளுங்கள் அம்மா. மூன்றாம் வகுப்புப் பிள்ளையிடம் "நோட்டை எடு, தேதி போடு, 42ஆம் பக்கம் திற, இரண்டாவது கணக்கைப் பார், முடித்தவர்கள் கையைத் தூக்கு" என்று தொடர்ந்து சொன்னால், அது நோட்டை எடுத்துவிட்டு உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். சொன்ன பேச்சைக் கேட்கவில்லை என்று அதன் மேல் கோபப்பட வேண்டாம். கரும்பலகையில் எழுதிப் போடுங்கள்.